மாப்பிள்ளையின் கணுக்கால் பற்றி

தென்காசி,
9-7-1958

பாளையங்கோட்டை மகாஸ்ரீ சங்கரபாண்டி அவர்கள் சமூகத்துக்கு, தென்காசி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தாணுமாலயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி கோமதியம்மாளும் மகள் முத்துவடிவும் சுகம். அங்கு தங்கள் வீட்டில் அனைவருடைய சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம். குற்றாலத்தில் சாரல் குறைவில்லாமல் விழுகிறது. தங்கள் மகன் சிரஞ்சீவி அய்யாத்துரையும், இடது கணுக்கால் நீங்கலாக, பூரண சுகம்.

இந்தக் கடிதத்தை ‘அன்புள்ள சம்பந்திக்கு’ என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கணக்கைப் போடும் முன்பே விடையை எழுதாதே என்று முப்பது வருஷம் பிள்ளைகளைக் கண்டித்தவன் நான். தங்கள் சம்மதம் இன்னும் வராதபோது அந்த வார்த்தையை எழுதுவது முறையல்ல. அந்தச் சம்மதத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தங்கள் மனைவியார் வெள்ளிக்கிழமை பெண்ணைப் பார்த்துவிட்டு, “எனக்குத் திருப்தி, அவுக அப்பா ஒரு வார்த்தை எழுதிட்டா முடிஞ்சுது” என்று சொல்லி ரயிலேறினார்கள். அந்த ஒரு வார்த்தை வருவதற்குள் வேறு பல வார்த்தைகள் தங்கள் காதுக்கு வந்திருக்கும் என்று பயப்படுகிறேன். மாப்பிள்ளைக்குக் கால் போய்விட்டது என்றும், அருவியில் தள்ளிவிட்டார்கள் என்றும், பெண் வீட்டார் பையனை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் கடையம் பக்கமெல்லாம் பேச்சாம். கால் இருக்கிறது. அருவிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பூட்டு எதுவும் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு கால்பந்து அணி இருக்கிறது. எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் தங்களுக்குப் புரியவேண்டுமே என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் கையில் கரண்டி இருக்காது. “அந்த வரிசைக்குச் சோறு, இந்த வரிசைக்கு ரசம், அங்கன அப்பளம் போடலையே” என்று அவர் கைகாட்டினால்தான் பந்தி நடக்கும். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் ஒருவன் இலையில் பாயசம் மூன்று தடவை விழும், பக்கத்து இலையில் உப்புகூட விழாது. கால்பந்தில் அந்த மாதிரி ஆளுக்கு சென்டர் ஹாஃப் என்று பெயர். எங்கள் அணியின் சென்டர் ஹாஃப் யாக்கூப் என்ற பையன். போன மாதம் ஆய்க்குடிக்காரர்களோடு ஆடும்போது அவனுக்கு முட்டில் அடி பட்டது.

அன்றிலிருந்து இந்த ஊரில் அரிசி விலையைப் பற்றிப் பேசுவார் இல்லை. எல்லாம் யாக்கூப் முட்டுதான். சவரக்கடையில் உட்கார்ந்தால், “முட்டுல தண்ணி கோத்திருக்குவே” என்கிறார் ஒருவர். “தண்ணியாவது! அது வாயு, உளுந்து தின்னுதான்லா?” என்கிறார் மற்றவர். பாதிச் சவரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு நாவிதரும் அபிப்பிராயம் சொல்கிறார். யாக்கூப் அதே கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முட்டுக்கு உடையவன் என்பதைத் தவிர அந்த விஷயத்தில் அவனுக்கு வேறு தகுதி இல்லை என்பது ஊரின் எண்ணம்.

முட்டு ஆறவில்லை என்றதும் கோச்சை மாற்றினார்கள். முதலில் இருந்தவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். விடியற்காலையில் பையன்களை ஓடச் சொன்னார் என்று அவரை நீக்கினார்கள். அடுத்து வந்தவர் டிரில் மாஸ்டர். ஹாஃப் டைமில் டீ குடிக்கக்கூடாது என்றார், அவரும் போனார். மூன்றாவதாக ஜவுளிக்கடை கிதிர் முகம்மது அவர்களே கோச் ஆனார். பந்து அவர் வாங்கிக் கொடுத்தது. அவரை யார் நீக்க முடியும்?

இந்த நிலைமையில்தான் தங்கள் மனைவியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சீசனுக்குக் குளிக்க வருகிற சாக்கில் வந்து பெண்ணைப் பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. என் மனைவி பேச்சுவாக்கில், பையனுக்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டாள். “ஒரு பழக்கமும் கிடையாது. காலேஜ்ல பந்து விளையாடினான், சென்டர் ஹாஃப்னு சொல்லுவான்” என்று தங்கள் மனைவியார் வெள்ளை மனதோடு சொன்னார்கள். கேசரி கிண்ட உதவிக்கு வந்திருந்த எதிர்வீட்டு உலகம்மை கரண்டியைப் போட்டுவிட்டு இந்தச் செய்தியோடு தெருவுக்குப் போனவள்தான். கேசரி அடிப்பிடித்ததற்குக் காரணம் இதுவே. என் மகளின் கைப்பக்குவம் என்று தங்கள் வீட்டில் நினைத்துவிட வேண்டாம்.

தாயாரோடு வந்திருந்த தங்கள் மகன் மட்டும் இன்னும் இரண்டு நாள் அருவியில் குளிக்கலாமென்று குற்றாலம் லாட்ஜில் தங்கினார் அல்லவா? சனிக்கிழமை காலை ஒரு குதிரை வண்டி நிறைய எங்கள் அணி ஆட்கள் போய் அவரை எழுப்பி, நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். “பொண்ணு வீட்டுச் சம்மதம் இல்லாம மாப்பிள்ளையத் தொடலாமா சார்வாள்? எங்களுக்கு மொறை தெரியும்” என்றார் கிதிர் முகம்மது. அய்யாத்துரையைப் பாயில் நடுவில் உட்கார வைத்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்தபடி இருந்தார். எதிரே இவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு நடந்து காட்டுங்க.”

நடந்தார்.

“இடது காலு எப்படி? வலது காலு மாதிரியே பழக்கம் உண்டா?”

“சுமாரா உண்டு.”

“முன்னால எங்கயும் அடி கிடி பட்டிருக்கா? மறைக்காம சொல்லிருங்க. பின்னால தெரிஞ்சா மனஸ்தாபம் ஆயிரும்.”

“வீட்டுல யாருக்கும் முட்டுவலி உண்டா தம்பி? பரம்பரையா?”

கதவு ஓரத்தில் நின்ற என் மனைவி, “நாம கேக்க மறந்ததையெல்லாம் இவ்வொ கேக்காவளே” என்று என் காதில் சொன்னாள். ஒருவர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு அதைக் காலால் தடுத்துக் காட்டச் சொன்னார். தங்கள் மகன் தடுத்த அழகைப் பார்த்து அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே பதில் சொன்னால் மதிப்பில்லை என்று, “கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்” என்று எழுந்து வாசல்படி வரை போய்விட்டு, அங்கிருந்தே திரும்பி வந்து சம்மதம் என்றார்கள். உள்ளே இருந்து என் மகளின் குரல் வந்தது. “ஏம்மா, அவங்களுக்குப் பிடிச்சிருக்காமா? நல்லதாப் போச்சு.” வாய் கொஞ்சம் உண்டு. ஆனால் கெட்ட எண்ணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கடையத்தோடு அரையிறுதி ஆட்டம். கோச் கிதிர் முகம்மது ஒரு காரியம் செய்தார். உடம்பு லேசாக இருக்கவேண்டும் என்று அணி முழுவதையும் காலையில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, அருவியில் நிறுத்தினார். அணியைத் தனியே விடலாமா என்று ஆதரவாளர்களும் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்து எல்லோரும் சூடாகச் சாப்பிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டவனுக்கு என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் பள்ளிக்கூடம் வைத்துப் பின்னம் நடத்திப் பார்த்தவன் நான், எனக்கும் தெரியும். கிதிர் முகம்மதுவுக்கு மட்டும் தெரியவில்லை.

தங்கள் மகன் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண் பார்த்த ஊரில் கோவணத்தோடு பாறையில் உட்காருவது மரியாதையாக இருக்காது என்றாராம். தங்கள் வளர்ப்பை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்குக் குடை கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் மைதானத்துக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் கோலைக் காக்கவேண்டிய இடது பேக், கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றான், கண் மூடியிருந்தது. கோல்கீப்பர் ஆதம் கொட்டாவி விட்ட நேரத்தில் ஒரு பந்து அவன் வயிற்றில் பட்டுத் திரும்பிப் போயிற்று. அதை எல்லோரும் கைதட்டிப் பாராட்டினார்கள். விழித்திருந்தவர் அய்யாத்துரை ஒருவர்தான். தானே பந்தை வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்து, விழித்திருக்கிற ஆள் யாரும் இல்லாததால் தானே கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் வலது பக்கம் ஒதுங்குவது போல ஒதுங்கி, கடையத்து ஃபுல் பேக்கை அங்கே ஓடவிட்டு, இடது காலால் மூலையில் தட்டினார் பாருங்கள், கோல்! இதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றேன், அவ்வளவுதான்.

இதுவரை காலுக்கு ஒன்றும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எதிராளிகள் யாரும் அவரைத் தொடவில்லை. அடி பட்டது ஜெயித்த பிறகு. எங்கள் ஆதரவாளர்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். தோள் முழுவதும் காலையில் தேய்த்த எண்ணெய், அதன்மேல் சாரல். ஒரு தோளிலிருந்து வழுக்கி அடுத்த தோளுக்குப் போனார், அதிலிருந்து அடுத்ததற்கு. கடைசித் தோளுக்கு அப்பால் தரைதான் இருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், கொஞ்ச நாள் ஊன்றாமல் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் வீடு என்பதால் இங்கே கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது முறையில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒற்றைக் காலோடு அவரைத் தெருவில் நிறுத்துவது எந்த முறையில் சேரும் என்று தாங்களே சொல்லுங்கள்.

முத்துவடிவு அவர் முன்னால் நின்று பேசுவதில்லை. நேற்று அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து, “கால உயர்த்தி வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சில பேருக்குக் காதுலயும் சுளுக்கு போல” என்றாள். அவரும் அதே சுவரைப் பார்த்து, “தலையணை இருந்தா வைக்கலாம்” என்றார். தலையணை வந்தது. இன்று காலை அந்தச் சுவரிடம் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். சிரிப்புச் சத்தமும் கேட்டது. முப்பது வருஷம் கரும்பலகையைப் பார்த்துப் பேசியவன் நான். ஒரு சுவர் இவ்வளவு சுவாரசியமாக இருந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணம் தவறிப்போனால் நானும் கோமதியும் எப்படியோ தேற்றிக்கொள்வோம். முத்துவடிவு என்ன செய்வாளோ என்பதுதான் என் கவலை. வெளியே சொல்லமாட்டாள், வாயை மூடிக்கொண்டுவிடுவாள். அவள் வாயை மூடி நாங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை.

ஆகவே ஆடி பிறப்பதற்குள் தங்கள் சம்மதத்தை ஒரு கார்டில் எழுதிவிட்டால் ஆவணியில் நல்ல நாள் பார்த்துவிடலாம். தங்கள் மகனை வெள்ளிக்கிழமை ரயிலில் பத்திரமாக ஏற்றி அனுப்புகிறேன். இனி அவர் பந்து இருக்கும் திசையில் காலை நீட்டமாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு. இந்த ஊர்ப் பந்தாட்டக்காரர்களை என் வீட்டு வாசலில் ஏறவிடமாட்டேன். தாங்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரமப்பட்டு இங்கே வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும். எல்லோரும் நோய்நொடியின்றி, முக்கியமாகக் கைகால் சுகத்தோடு, நெடுங்காலம் வாழவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தாணுமாலயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது கிதிர் முகம்மது அவர்களும் அணியினரும் வந்து உள்ளே உட்கார்ந்தார்கள். எண்ணெய் விவகாரத்தில் மனம் நொந்து அவர் கோச் பதவியை விட்டுவிட்டார். அடுத்தது யார் என்று ஊரெல்லாம் தேடியதில், யாக்கூப் முட்டு விஷயத்தில் இதுவரை ஒரு அபிப்பிராயமும் சொல்லாத ஆள் நான் ஒருவன்தானாம். எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். பிறகு பையன்கள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையோடு இறுதி ஆட்டம். அதனால் தங்கள் மகனை வெள்ளிக்கிழமை அனுப்புவதற்கில்லை. அவர் மைதானக் கோட்டுக்கு வெளியே கட்டிலில் இருந்தபடி கைகாட்டுவார். முத்துவடிவும் அதுதான் சரி என்கிறாள், அதை நேராக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

இன்னொரு விஷயம். கோல்கீப்பர் ஆதம் இன்று கடை சாத்தும்போது பலகை இடுக்கில் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டான். நாங்கள் கவலையாக இருந்தபோது அய்யாத்துரை, “எங்க அப்பா அந்தக் காலத்துல கோல்கீப்பர்தான். இப்பவும் மரத்துலருந்து விழுத மாங்காய ஒத்தக் கையில பிடிப்பாவ” என்றார். “வயசு என்ன இருக்கும்?” என்று கேட்டார் கிதிர் முகம்மது. ஐம்பத்திரண்டு என்றதும், “கோல்கீப்பர் ஓடவா போறாரு? நிக்கத்தானே செய்யணும்!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கோச் என்ற முறையில் எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

எனவே மேலே வரவேண்டாம் என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள். சனிக்கிழமை காலை ரயிலுக்கு அணி முழுவதும் ஸ்டேஷனில் நிற்கும். ஆதம் ஒல்லியான பையன், அவனுடைய அரைக்கால் சட்டை தங்களுக்குச் சேராது, தங்களுடையதைக் கொண்டுவரவும். ரயிலிலிருந்து இறங்கியதும் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்வார்கள், தப்பாக நினைக்கக்கூடாது. தங்கள் மனைவியாரிடம் சொல்லி வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துவரச் சொல்லுங்கள் சம்பந்தி. கல்யாணப் பேச்சை ஹாஃப் டைமில் முடித்துக்கொள்வோம்.