அழகுமலை மண்டியின் பிராசசர்

"எம்மா, நான் வாங்குன புதுக் கம்ப்யூட்டருல ஆர்ம் பிராசசர். ஒன் சாப்ட்வேர் இன்டெல்னு காட்டுது. மண்டிக்கு வர்றவுக பாத்தா என்னத்த நெனப்பாக?"

கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருக்கும் அழகுமலையின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. தேனியில் மூன்றே பேர் வேலை பார்க்கும் கம்பெனியில், அந்த எடை போடும் சாப்ட்வேரை எழுதியவள் சொர்ணலதா. எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், உள்ளே மூளையாக இருக்கும் பிராசசர் ஆர்ம் வகையா, இன்டெல் வகையா என்று அது தானே கண்டுபிடித்து, அதற்கேற்ற பதிப்பைப் போட்டுக்கொள்ளும். அதற்காக எழுதிய நூற்றுப் பதினாறு வரிகளைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"எடை சரியா வருதாண்ணே?"

"எடை கிராம் சுத்தமா வருது. பேருதான் தப்பு."

கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆர்ம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சொர்ணலதாவின் முகம் சுருங்கியது.

ஒரு வழியில் சோதித்ததை இரண்டு வழிகளில் சோதிக்கும்படி மாற்றி அனுப்பினாள்.

மறுநாள் அழகுமலை கூப்பிட்டார். "இப்ப ரெண்டு தடவ இன்டெல்னு வருதும்மா."

கம்பெனி முதலாளி ஞானதுரை எட்டிப் பார்த்தார். "சோதிக்கிறத விடும்மா. கம்பம்னா ஆர்முனு நீயே எழுதிரு."

மனசில்லாமல் எழுதினாள். பத்து மணிக்குப் புதுப் பதிப்பு போனது. பத்தேகாலுக்கு அழகுமலையின் திரையில் ஆர்ம் என்று வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கம்பத்திலேயே அதே சாப்ட்வேரை வைத்திருந்த இரண்டு வாழைக்காய் மண்டிகளிலும் எடை நின்றது.

"கொச்சி லாரி நிக்குது! வெயில்ல பழம் உதிருதும்மா!"

சொர்ணலதா பஸ் ஏறினாள். மடியில் லேப்டாப்பை வைத்து, சின்னமனூர் தாண்டுவதற்குள் வாழைக்காய்க்காரர்களுக்குப் பழைய பதிப்பைத் திருப்பி அனுப்பினாள். அழகுமலைக்கும் அதையே அனுப்பினால் மறுபடி இன்டெல் என்றுதான் காட்டும்; அதை நேரில் பார்த்துவிட நினைத்தாள்.

மண்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிராசசர் எது என்று கேட்கும் கட்டளையைத் தன் கையாலேயே தட்டினாள். இன்டெல். எழுத்து எழுத்தாகப் பார்த்து மறுபடி தட்டினாள். இன்டெல். நான்கு வருஷம் காலேஜில் என்ன படித்தோம் என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"தப்பு என் மேலதாண்ணே. அந்தப் பகுதியவே தூக்கிர்றேன். மொதல்ல இருந்து வேற எழுதுறேன்."

"ஏதோ, இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே" என்று அழகுமலை லாரிக்காரரைச் சமாதானப்படுத்தப் போனார்.

நூற்றுப் பதினாறு வரிகளையும் அழித்தாள். கண் லேசாகக் கலங்கியது.

பக்கத்தில் திராட்சை தரம் பிரித்துக்கொண்டிருந்த சங்கிலியம்மாள், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆத்தா, மொதலாளி காதுல போட்டுறாத. அந்தப் புதுக் கம்ப்யூட்டர் மிஷின வந்தன்னைக்கே அவுக சம்சாரம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. இங்கன இருக்கறது வீட்டுல கெடந்த பழசு."