காஜா ஓட்டை வழியே ஒரு பை

தையல்காரர் இந்தக் கதையை எனக்குச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அன்றிலிருந்தே இதில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நன்றியோடு சொல்கிறவரைப் போய்ச் சந்தேகிக்கிறோமே என்று என் மேலும் ஒரு சந்தேகம்.

அவர் பித்தப்பையில் கல். பொரித்ததைத் தின்றால் போதும், விலாவுக்குக் கீழே யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கும். பையையே எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்ன ஓட்டைகள் போதும் என்றார் டாக்டர். விட்டுவைத்தால் கல் போய் வழியை அடைக்கும். அப்புறம் உயிருக்கே ஆபத்து.

"காஜா அளவு ஓட்டையில பையை எடுப்பாராம். காஜாவுல பட்டன்தான் நுழையும்" என்று வீட்டுக்கு வந்து நக்கலடித்தார். ஊரார் துணியையெல்லாம் வெட்டுகிறவருக்குத் தன்னை வெட்டுவதென்றால் உதறல்.

மனைவி வாதாடவில்லை. சில நாள் கழித்து அவளும் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதேதாங்க. ஆபரேஷனாம். நான் மாட்டேன்."

"ஏன் மாட்டே?"

"காஜாவுல பை நுழையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆடிப்போனார். டாக்டரிடம் ஓடி, எப்படிச் செய்வார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு வந்தார். ஒட்டுத்துணியில் குட்டிப் பை தைத்தார். அதைப் பழைய சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"பாரு, காத்தடிச்சு வயித்தை உப்ப வைப்பாங்க. ஒரு ஓட்டையில கேமரா, மத்ததுல கத்தரி. வெட்டுன பையைச் சுருக்கி இந்தக் காஜா வழியா இழுத்தா... வந்துச்சா?"

"வந்துச்சு. வலிக்காதா?"

"மயக்கத்துல என்னடி வலி? மறுநாளே வீடு. குழந்தைகூடப் பயப்படாது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். தினமும் சொல்லவைத்தாள்.

"அப்போ சரி. வயித்துல உரசாம எனக்கொரு சட்டை தைங்க. அளவெல்லாம் எடுக்காதீங்க, தொட்டா வலிக்குது. உங்க அளவுக்கே தைங்க, தொளதொளன்னு இருக்கட்டும்."

தைத்தார். அதையும் பையில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் பச்சை அங்கியை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கில்லம்மா, அவங்களுக்கு."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் மனைவி, நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தபடி. "குழந்தைகூடப் பயப்படாதுன்னு சொன்னீங்களே. போய்ப் படுங்க."

அங்கியை வாங்கிக்கொண்டார். சொன்னதெல்லாம் தன் வாய். படுத்தார்.

மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீடு திரும்பினார். அளவெடுத்த மாதிரி இருந்ததாம். "அவ மட்டும் என்னை ஏமாத்தலைன்னா நான் இன்னிக்கு உன்கூடப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும் அவருக்கு.

எல்லாம் சரி. ஆண் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம். தூக்கத்தில் தைத்தாலும் அதை மாற்றி வைக்கிற கை இல்லை அவருடையது. அவளுக்கென்று நம்பித் தைத்திருந்தால் இடப்பக்கம், தனக்குத்தான் என்று தெரிந்தே தைத்திருந்தால் வலப்பக்கம்.

போன வாரம், அவர் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து கேட்டேவிட்டேன்.

"அண்ணே, அந்தச் சட்டைக்குப் பட்டனை எந்தப் பக்கம் வச்சீங்க?"