கட்டு கிடைத்த விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நான் நலமாக இருக்கிறேன். உங்கள் அக்கா என்னைவிட நலமாக இருக்கிறாள். முழங்காலில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். வாய்க்கு எந்தக் காலத்திலும் தையல் போட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அங்கே உங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன வாரம் நீங்கள் தொலைபேசியில், "கோர்ட் ரெக்கார்டு எல்லாம் பொது ஆவணம் அத்தான், யார் வேணா போய்க் கேட்கலாம், அரை மணி நேர வேலை" என்று சொன்னீர்கள். அந்த அரை மணி நேரம் நேற்று சாயங்காலத்தோடு முடிந்தது. விவரம் கீழே.

உங்களுக்கு ஓரளவு தெரிந்த கதைதான் என்றாலும், முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். எங்கள் முன்வாசல் படிகள் எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே ஒருமுறை உருண்டிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அக்காவால் அதில் கால் வைக்க முடியாது. பின்கதவைத் திறந்தால் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து. தரை சமமாக இருக்கும். அதன் வழியே வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெரு முனை வரை நடந்துவிட்டு வருவாள். நடக்கச் சொன்னது டாக்டர். வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசச் சொன்னது டாக்டர் இல்லை. ஒரு நாள் வாக்கரின் கால் இடித்துப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி ஒன்று உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், கடிகாரக்காரர் என்றால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். அவர் வெளியே வந்து, "பார்த்துப் போகக் கூடாதாக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவள், "அதுல செடியே இல்லையே தம்பி" என்றிருக்கிறாள். "வைக்கலாம்னு இருந்தேன்." "எப்பலேர்ந்து?" அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை சந்தில் செங்கல் வந்து இறங்கியது. சந்தில் பாதி அவர்களுடையதாம், நடுவில் சுவர் எழுப்பப் போகிறாராம். மீதிப் பாதியில் வாக்கர் நுழையாது. நான் அளந்து பார்த்துவிட்டேன், உங்கள் அக்காவே நுழைவது சந்தேகம், இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் இதே சந்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள். வழக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், எப்படி முடிந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. "அப்பா ஜெயிச்சுட்டார்னுதான் எங்க வீட்ல பேச்சு" என்றேன். "எங்க வீட்லயும் அதே பேச்சுதான் சார்" என்றார். கடைசியில், "தீர்ப்பைக் கொண்டு வந்து காட்டுங்க, உங்க பக்கம்னு எழுதியிருந்தா செங்கல்லைத் திருப்பி அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கொத்தனாரை நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கோர்ட்டில் நகல் பிரிவு என்று ஓர் அறை, அதற்கு ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு அம்மாள். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன், காலமெல்லாம் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தே பழக்கம், வெளியே நின்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பணிவாக, "ஒரு பழைய தீர்ப்போட பிரதி வேணும்மா" என்றேன். அவர் நிமிராமல், "நீங்க வாதியா, பிரதிவாதியா?" என்றார். "வாதியெல்லாம் வேண்டாம்மா, பிரதி மட்டும் போதும்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர், வழக்குப் போட்டவர் வாதி, யார் மேல் போட்டார்களோ அவர் பிரதிவாதி, பிரதி வேறு, பிரதிவாதி வேறு என்று எனக்கு விளக்கினார். நன்றி சொல்லிவிட்டு, "நான் ரெண்டும் இல்லைம்மா, எங்கப்பாதான் ஏதோ ஒண்ணு" என்றேன். "வழக்கு நம்பர்?" "தெரியாதும்மா." "நம்பர் இல்லாம கட்டை எடுக்க முடியாது சார்." கட்டு என்றால் ஒரு வழக்கின் காகிதங்களையெல்லாம் துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டி வைத்திருப்பது. "நம்பர் எங்கம்மா இருக்கும்?" "கட்டு மேல எழுதியிருக்கும்." இதில் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் நான் நின்றேன், அவரும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், வாதியின் பெயரை வைத்துத் தேட ஓர் அட்டவணை இருக்கிறது என்றார். ரெக்கார்டு அறையில் அதை விரித்து என் அப்பா பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. அப்படியானால் வழக்குப் போட்டது பக்கத்து வீட்டு அப்பாவாக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அவரை ஊர் முழுக்க ரேடியோக்காரர் என்றே கூப்பிட்டார்கள், அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று நான் பிறந்ததிலிருந்து பக்கத்தில் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. அட்டவணையில் 'ரே' என்ற எழுத்திலும் பார்த்துவிட்டேன், எதற்கு விட வேண்டும் என்று.

ஆகவே வீட்டுக்கு வந்து கடிகாரக்காரர் கதவைத் தட்டினேன். "உங்கப்பா முழுப் பெயர் என்ன?" "எதுக்கு சார்?" "உங்களுக்கு எதிரா ஒரு காகிதம் தேடறேன், அதுக்கு வேணும்." அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "வாயால சொன்னா நீங்க தப்பா எழுதிடுவீங்க, நானே வர்றேன்" என்றார். அப்படித்தான் வியாழக்கிழமை நான் அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவர் மனைவி கொடுத்த சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரான ஆதாரம் தேடப் போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம், "பிடிச்சுக்குங்க சார்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஓட்டினார். கோர்ட் வாசலில் காவலாளி, "அண்ணன் தம்பியா? பாகப் பிரிவினையா?" என்று கேட்டார். "இன்னும் அந்த அளவுக்குப் போகலை" என்றார் கடிகாரக்காரர்.

ஆளுக்கொரு மனு எழுதினோம். 'எதற்காகத் தேவைப்படுகிறது' என்ற இடத்தில் நான் 'சுவர்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தால் அவரும் 'சுவர்' என்றே எழுதியிருந்தார். நகல் பிரிவு அம்மாள் இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே பக்கமா?" என்றார். "இல்லம்மா, சுவருக்கு ரெண்டு பக்கம்" என்றார் இவர். அன்று பெயரைக் கண்டுபிடித்தோம், நம்பர் கிடைத்தது. கட்டைத் தேடித் தர மறுநாள்தான் ஆள் வருவாராம். மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் அக்கா வேறு மாதிரி சொல்வாள். ரெக்கார்டு அறையில் ஏணி போட்டு ஒருவர் மேல்தட்டில் தேடிக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார், நான் கடிகாரக்காரரைப் பிடித்திருந்தேன், தூசியில் அவர் விடாமல் தும்மிக்கொண்டிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. கொத்தனார். "அண்ணே, கலவை போட்டாச்சு, ஆரம்பிக்கவா வேண்டாமா?" இவர், "இருப்பா, ஒரு நிமிஷம்" என்று சொல்லும்போதே மேலிருந்து ஏணிக்காரர், "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "கட்டா? கட்டு! சார், கட்டு! கட்டு!" என்று கூவினார். நானும், வயதை மறந்து, "கட்டு! கட்டு!" என்று சேர்ந்துகொண்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவர் கையை உயர்த்தி மூட்டையை வாங்கினார். கொத்தனார் போனில் இருந்தது எங்கள் இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

காகிதத்தில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. கடிகாரக்காரர் தம் தொழில் கண்ணாடியை, அதுதான் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே அதை, மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பெயர்களில் கடைசி எழுத்துகள்தான் மிச்சம், அவை இரண்டு பேருடைய அப்பாக்களுக்கும் பொருந்தின. 'இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட சந்து' என்பது தெளிவாக இருந்தது. கடைசித் தாளில், 'அழைக்கப்பட்டபோது வாதியும் பிரதிவாதியும் ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று இருந்தது. திரும்பவும் படிக்கச் சொன்னேன். அதேதான். யாரும் ஜெயிக்கவில்லை. யாரும் தோற்கவில்லை. இரண்டு பேரும் கோர்ட்டுக்கே போகவில்லை.

கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர் போகலேன்னா மறதின்னு சொல்லலாம். ரெண்டு பேரும் போகலேன்னா பேசி வெச்சுக்கிட்டுதான் சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா கடைசிக் காலத்தில் தினமும் அவர்கள் வீட்டில் போய் ரேடியோ கேட்டது நினைவுக்கு வந்தது. நாங்கள் அப்போது அதை உளவு பார்ப்பது என்று நினைத்திருந்தோம். வெளியே வந்து டீ குடித்தோம். "அப்ப நாம மட்டும் எதுக்கு சார்? சுவர் வேண்டாம். அக்கா நடக்கட்டும்" என்றார். "தொட்டி நான் வாங்கித் தரேன்" என்றேன். "செடியோட" என்றார். சரி என்றேன்.

திரும்பி வந்து சந்தில் நுழைந்தால் சுவர் மார்பளவுக்கு நின்றது. அந்தப் பக்கம் உங்கள் அக்கா வாக்கரோடு நின்றிருந்தாள். "ஜெயிச்சுட்டீங்களா?" என்றாள். நான் கொத்தனாரைப் பார்த்தேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னை எதுக்கு முறைக்கிறீங்க? ஒரு ஆளு சொன்னாலே கட்டுவேன், ரெண்டு பேர் சேர்ந்து கட்டு கட்டுன்னு கத்துனீங்க, அந்தப் பெரியவர் குரல்தான் எனக்கு நல்லா கேட்டுச்சு" என்றார். உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. கலவை ஈரமாக இருந்ததால் பிழைத்தோம். மூன்று பேருமாகச் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தோம். இவள் அந்தப் பக்கமிருந்து, "அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுட்டீங்க தம்பி" என்று மேற்பார்வை பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வழி திறந்தது. தெரு முனை வரை போய் வந்தாள். வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் திரும்பினாள், வழியில் எல்லா வாசலிலும் இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆக, கோர்ட் ஆவணம் பொது ஆவணம் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எவ்வளவு அருமையான ஏற்பாடு என்று இப்போது தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், படிகளில் குறிப்பாக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் நகல் பிரிவு அம்மாள் போன் செய்தார். நகல் தயாரிக்கும்போது கவனித்தாராம், நாங்கள் படித்தது வேறு தெருவில் வேறு சந்துக்காக வேறு யாரோ போட்ட வழக்கு. மேல்தட்டில் மூட்டை மாறிவிட்டதாம். எங்கள் கட்டு அதற்கு அடியிலேயே பூச்சி தொடாமல் இருந்ததாம். அதில் இரண்டு தரப்பும் ஒரு வாய்தாகூட விடாமல் ஆஜராகியிருக்கிறார்கள். தீர்ப்பும் தெளிவாக இருக்கிறது: சந்து முழுவதும் ரேடியோக்காரருடையது, பாதி அல்ல, முழுவதும். என் அப்பாவோ அவருடைய வாரிசுகளோ அதில் கால் வைக்கக் கூடாது. "நகல் போடட்டுமா சார்?" என்றார். "வேண்டாம்மா" என்றேன். "அப்ப அவருக்கு மட்டும் சொல்லிடறேன், அவரும் மனு போட்டிருக்காரே" என்றார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது நல்ல ஏற்பாடுதானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் போன் அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது. "ஆமாம்மா... சரிம்மா... முழுசுமா?" என்று கேட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "வேண்டாம்மா. எங்களுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு" என்றார். பிறகு சந்துக்கு வந்து, மிச்சம் கிடந்த செங்கல்லைத் தம் வீட்டுச் சுவரோரம் தள்ளி அடுக்கினார். நான் பின்கதவில் நின்றிருந்தேன், கால் உள்ளேதான் இருந்தது. "கோர்ட்லேர்ந்து போன் ஏதாவது வந்துச்சா சார்?" என்றார். "இல்லையே, உங்களுக்கு?" என்றேன். "எனக்கும் இல்லை" என்றார். "உள்ளேயே நிக்கறீங்களே, வெளியில வாங்க சார், காத்து வருது" என்றார்.

உங்கள் அக்கா வாக்கரோடு எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போய்விட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். நகல் எடுக்க வேண்டாம்.