சோளக்காட்டுக்குள் போன மாருதி

கணபதி,
கோயமுத்தூர்.
19-8-1996

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் வெங்கடபதி அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வேலுமணி வணங்கி எழுதுவது. இங்கு நானும், உங்கள் தங்கை லட்சுமியும், மகள் சண்முகப்பிரியாவும், கிரைண்டர் பட்டறையும் சௌக்கியம். கோபியில் நீங்களும் அக்காவும் வாழைத்தோப்பும் சௌக்கியமாக இருக்க மருதமலையான் துணை நிற்கட்டும். உங்கள் மாருதியும் சௌக்கியம்தான். இடது பக்கக் கதவு மட்டும் தனியாக மெக்கானிக் ஜாவித் பாய் பட்டறையில் இருக்கிறது.

கோபப்படாமல் மேலே படிக்க வேண்டும். மருதமலைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் உங்களிடம் வண்டியை இரவல் வாங்கி வந்தேன். போகவும் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் சாமி கும்பிட்டுவிட்டு நேராக வீடு திரும்பாமல் சூலூர் தாண்டிப் போய்விட்டேன். பொள்ளாச்சி தம்பிதுரை இருக்கிறாரே, நம் பிரியாவைத் தன் மகன் அருள்குமாருக்குக் கேட்டுவிட்டு மூன்று மாதமாக ஒரு முடிவும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாரே, அவருக்குக் கார்ப் பந்தயம் என்றால் பைத்தியம். சூலூருக்கு அப்பால் ஒரு மில்காரர் தன் தரிசு நிலத்தில் வளைத்து வளைத்துத் தார் ரோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். தம்பிதுரை உடனே போன் போட்டு, "வாங்க, ஓட்டிப் பாத்துப்போட்டு அப்படியே சம்பந்தத்தையும் பேசிப்போடலாமுங்க" என்றார். அந்த இடத்துக்கு என் டெலிவரி வேனையா கொண்டுபோக முடியும்? பெண்ணைப் பெற்றவன் மச்சான், நான் வேறு என்ன செய்வேன்?

மொத்தம் எட்டு வண்டி வந்திருந்தது. பூஜை போடாமல் ஒருவரும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், வண்டிக்கு ஒரு தேங்காய் என்று கணக்குப் பண்ணி, புறப்படும் கோட்டின் மேலேயே எட்டுத் தேங்காயையும் சிதறடித்தோம். பிறகு அந்தச் சில்லின் மேலேயே பக்தியோடு வண்டியை ஏற்றினோம். மூன்று வண்டிக்கு டயர் போனது, அதில் ஒன்று உங்களுடையது. கொடி காட்டுவதற்கு வந்திருந்த ஜாவித் பாய் பாவம், கொடியைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு ஸ்டெப்னி மாட்டிக்கொடுத்தார். மாட்டி முடித்துக் கொடியை வீசினார், ஒரு வண்டியும் நகரவில்லை. "நீங்க போங்க", "அட, நீங்க மொதல்ல போங்க", "பெரியவங்க இருக்கறப்ப நா எப்படிங்க முன்னாடி போறது" என்று எட்டு ஜன்னலிலும் கைகள் ஆடின. மூன்று முறை வீசிக் கை ஓய்ந்துபோன ஜாவித் பாய், "ஏனுங்க, இது ரேசுங்களா, கல்யாண ஊட்டுப் பந்திங்களா?" என்று கத்திய பிறகுதான் ஒருவழியாகக் கிளம்பினோம்.

முன்னால் தம்பிதுரையின் கான்டசா கார், பின்னால் நான். சம்பந்தியாக வரப்போகிறவரை முந்தினால் சம்பந்தம் நிற்குமா, நீங்களே சொல்லுங்கள். நாலு சுற்றும் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தேன். நான் முந்தட்டும் என்று அவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார். எங்களுக்குப் பின்னால் ஆறு வண்டியும் டவுன் பஸ் மாதிரி ஹாரன் அடித்துத் தீர்த்தன. உங்கள் தங்கை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது சுற்றில் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முந்திப் போகச் சொன்னார். நானும் கையை நீட்டி, நீங்களே போங்கள் என்றேன். இப்படி மாற்றி மாற்றி உபசாரம் செய்ததில் இருவருக்கும் ஸ்டியரிங்கில் ஒரு கைதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து வளைவு வந்துவிட்டது. உங்கள் வண்டியின் இடது பக்கம் அவர் வண்டியில் உரசி, இரண்டும் சேர்ந்து பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய் நின்றன.

எனக்கு உயிரே போய்விட்டது. வண்டி போனால் போகட்டும், என் மகள் கல்யாணம் போச்சே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சோளத்தட்டையை விலக்கிக்கொண்டு வந்த தம்பிதுரை, "அடிகிடி பட்டுதுங்களா?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, உங்களுக்குங்க?" என்றேன். அவர் சட்டையில் ஒட்டிய சோளத்தோகையைத் தட்டிவிட்டு, "இத்தன மரியாதையா முட்டுன ஆள நா பாத்ததே இல்லீங்க. இனி யோசிக்க என்ன இருக்குதுங்க, நிச்சயத்துக்கு நாள் பாத்துருங்க" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் மச்சான்.

29ஆம் தேதி வியாழக்கிழமை நிச்சயம். தாய்மாமன் நீங்கள் வந்து உட்காராமல் வெற்றிலை பாக்கு மாற்ற முடியாது. "மாமா வருவாங்களாப்பா?" என்று பிரியா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு கதவுக்காக அவளைக் கைவிட்டுவிடாதீர்கள். குற்றமெல்லாம் என்னுடையது. இனி பந்தயம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன், இது மருதமலையான் மேல் ஆணை.

அக்காவுக்கு என் வணக்கம். வாய்க்காலில் தண்ணீரும் வாழைக்கு விலையும் குறையாமல் இருக்கட்டும்.

என்றும் தங்கள்,
வேலுமணி

பி.கு.: அண்ணா, லட்சுமி எழுதுகிறேன். ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், நான் படித்துவிட்டேன். நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் பொய் வேண்டாம். வண்டி ஓட்டியது நான். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பந்தயம் முழுக்க அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றுதான் இருந்தார். எட்டு வருசமாக கிரைண்டர் வேனை ஓட்டுவது யார் என்று நினைத்தீர்கள்? நாலு சுற்று மரியாதைக்குப் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாவதில் கையை நீட்டியது, வழி விடுங்கள் என்று சொல்லத்தான். விடவில்லை, உரசிக்கொண்டு முந்திவிட்டேன். சோளக்காட்டில் தம்பிதுரை கேட்டதும் வேறு. "ஏனுங்கம்மணி, பொண்ணும் உங்களாட்டமேதானுங்களா?" என்றார். "என்னைவிட வேகமுங்க" என்றேன். உடனே சம்மதம் சொல்லிவிட்டார்.

கோபமிருந்தால் என்மேல் காட்டுங்கள், அவர்மேல் வேண்டாம். ஆனால் வந்துவிடுங்கள் அண்ணா, நீங்கள் இல்லாமல் என் மகளுக்கு ஒரு காரியமும் நடக்காது. பஸ்ஸில் வந்து காந்திபுரத்தில் இறங்கி நில்லுங்கள். அதற்குள் கதவை மாட்டிவிடுவார்கள், உங்கள் வண்டியை நானே ஓட்டி வந்து கூட்டிப் போகிறேன். பயமாக இருந்தால் நீங்களும் கண்ணை மூடிக்கொள்ளலாம்.