தலைகீழாகப் பிடித்த உயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வயதான சினிமாக்காரர்கள் இல்லத்தின் ஏழாம் அறையிலிருந்து ஹோரஸ் பிட்கின் தெரிவித்துக்கொள்வது. நான் நலம், முழங்கால்கள் மட்டும் நலமில்லை. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாகத் தங்கள் கண்கள், ஏனென்றால் இது நீளமான கடிதம். நான் சொல்ல, பக்கத்துக் கட்டில் ரூஃபஸ் டியூக்ஸ் எழுதுகிறான். ஊமைப்பட காலத்தில் இளம்பெண்களைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுவிட்டு மீசையை முறுக்கினவன் இவன்தான். நேரில் பார்த்தால் ஈயைக்கூட ஜன்னலைத் திறந்துதான் வெளியே அனுப்புவான்.

சங்கதி நடந்த வருஷத்தை எனக்கு எண்ணில் சொல்ல வராது. நாட்டிலுள்ள வங்கிகள் எல்லாம் ஒரே நாளில் கதவைச் சாத்தின வருஷம். அதே வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாங் பீச்சில் பூமி ஆடிப் பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்தன. அடுத்த மாதம், பதின்மூன்று வருஷ மதுவிலக்கு விரதத்துக்குப் பிறகு, பியர் கடைக்குத் திரும்பி வந்தது. பூமி ஆடியதற்கும் பியர் வந்ததற்கும் நடுவில்தான் ‘மில்லிசென்ட் அத்தையின் உயில்’ என்ற படத்தை எடுத்தோம். பழைய படங்களில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சிரிக்கிற தங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில், போன வாரம் அதைப் பற்றி நாலு வரி போட்டிருக்கிறீர்கள். வக்கீலாக வருகிறவர் உயிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறாராம், அது ‘கவனமில்லாத ஒரு ஸ்கிரிப்ட் பெண்ணின்’ தவறாம். ரூஃபஸ் அதைக் காலைச் சாப்பாட்டில் வாசித்துக் காட்டினான். முட்டை தொண்டையில் நின்றுவிட்டது. ஆசிரியர் அவர்களே, அந்த வக்கீல் நான். தலைகீழாகப் பிடித்தது உண்மை. ஆனால் தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் ரூஃபஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

“யோவ், என்னய்யா சொல்றே? தெரியாதா? ஒரு எழுத்துகூடவா?”

“ஒரு எழுத்துகூட.”

“அப்போ அஞ்சு வருஷமா கண்ணாடிய மறந்துட்டேன், கண்ணாடிய மறந்துட்டேன்னு, சாப்பாட்டு அட்டைய என்னைப் படிக்கவெச்சியே?”

“கண்ணாடி சட்டைப்பையிலதான் இருந்துச்சு. வெறும் கண்ணாடி. ஸ்டூடியோ சாமான் அறையில வாங்கினது.”

“நான் தண்டவாளத்துல கட்டினதெல்லாம் ஒரு பாவமா!” என்று சொல்லிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தான்.

நான் சினிமாவுக்கு வந்தது தற்செயல். பெரிய கப்பல் முதல் பயணத்திலேயே மூழ்கின வருஷம், எலுமிச்சம்பழ வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு களஞ்சியத்துக்கு முன்னால் கேமராவை வைத்துக்கொண்டு ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நீதிபதியாக நடிக்க வேண்டியவர் குடித்துவிட்டு வரவில்லையாம். என் அகன்ற நெற்றியையும் தாடியையும் பார்த்தார். “ஐயா, வண்டிய ஓரங்கட்டுங்க, ஒருத்தனைத் தூக்குல போடணும்” என்றார். போட்டேன். அன்றிலிருந்து என் நெற்றிக்கு ஓய்வில்லை. நாற்பத்தொரு நீதிபதி, இருபத்தாறு வக்கீல், பேராசிரியர் பதினேழு, பாதிரியார் எட்டு, தந்தி குமாஸ்தா எத்தனையோ. உலகத்தில் படித்தவன் செய்கிற உத்தியோகம் எல்லாம் எனக்கு. ஊமைப்படத்தில் அது ஒரு கஷ்டமுமில்லை. கையில் காகிதம் கொடுப்பார்கள், கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டுவேன், புருவத்தை உயர்த்துவேன், காகிதம் நடுங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தியேட்டரில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எது மேல் பக்கம் என்று தெரிவதற்காக, காட்சிக்கு முன்னால் காகிதத்தின் மேல் மூலையைச் சாமான் அறை ஆளைக் கொண்டே லேசாக மடித்து வைத்துவிடுவேன். “பிட்கினுக்கு மடிப்பு ராசி” என்று சொல்லிக்கொள்வார்கள்.

இதில் வெளியில்தான் தொந்தரவு. தங்கும் விடுதியில் என்னைப் படத்தில் பார்த்தவர்கள் உண்மையிலேயே சட்டம் படித்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். வாடகைப் பத்திரம், எண்ணெய்க் கிணற்றுப் பங்கு, கலியாண ஒப்பந்தம் என்று எதை எதையோ தூக்கிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். நான் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, “கையெழுத்துப் போடாதீங்க” என்பேன். எல்லோருக்கும் ஒரே யோசனைதான். அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸில் அது ஒரு தடவைகூடத் தவறிப்போனதில்லை. என் கையெழுத்தை மட்டும் ஒரு படமாக வரையக் கற்றுக்கொண்டேன். கம்பிவேலியில் கோழி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கீழே பாருங்கள்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. குரல் கீச்சு, உச்சரிப்பு மோசம் என்று பெரிய பெரிய நட்சத்திரங்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ குரல் நன்றாக இருந்தது. வசனம்தான் காகிதத்தில் இருந்தது. இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த பெண் வருகிறாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், ஆகையால் எல்லோரும் அவளைக் கடிகாரம் என்றுதான் கூப்பிட்டோம். ஒரு ஷாட்டில் சிகரெட் இடக்கையில் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடக்கையில் இருக்கிறதா, தொப்பி சாய்ந்த பக்கம் மாறவில்லையா என்று பார்த்துக் குறித்துக்கொள்வது அவள் வேலை. முதல் பேசும் படத்தன்று காலையில், காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே வந்தாள்.

“பிட்கின் சார், இந்தப் பக்கம் எத்தனை வினாடி வருதுன்னு நான் கணக்கெடுக்கணும். சத்தமா வாசிக்கிறேன், கொஞ்சம் கேக்குறீங்களா?”

“நான் கேட்டு என்னம்மா ஆகப்போகுது?”

“யாராவது கேட்டாத்தான் எனக்குச் சரியா வாசிக்க வரும்.”

அவள் வாசித்தாள், நான் கேட்டேன். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் காலையில் கணக்கெடுக்க வந்துவிடுவாள். என் வசனம் மட்டுமல்ல, எதிரே நிற்பவர் வசனமும் எனக்கு அத்துப்படி. கையில் காகிதமே இல்லாமல் செட்டுக்கு வருகிற ஒரே நடிகன் என்று பெயர் வாங்கினேன். வசனத்தை மறந்த கதாநாயகன் ஒருவனுக்கு ஒரே ஷாட்டில் ஆறு தடவை எடுத்துக்கொடுத்தேன், அவன் என்னை அடுத்த படத்திலிருந்து எடுத்துவிட்டான். அவள் வினாடிக் கணக்கில் எவ்வளவு அக்கறை உள்ள பெண் என்று நான் ஆச்சரியப்படாத நாளில்லை.

அந்த உயில் காட்சிக்கு வருகிறேன். பூமி ஆடின பிறகு மூன்று வாரம் அது முழுசாக அடங்கவில்லை, தினமும் சின்னச் சின்னதாக உதறிக்கொண்டே இருந்தது. நான் உயிலைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, மில்லிசென்ட் அத்தையின் சொத்தை அவளுடைய கிளிக்கு எழுதிவைக்கப் போகிற நேரத்தில் ஒரு உதறல். மேலே விளக்குகள் ஆட, நாங்கள் பன்னிரண்டு பேரும் வெளியே ஓட, உயிர் பெரிசா உயில் பெரிசா என்று உயிலைக் கீழே போட்டுவிட்டேன். தீக்கு வைத்திருந்த வாளித் தண்ணீர் கவிழ்ந்து அது நனைந்துபோனது. திரும்பி வந்ததும் சாமான் அறை ஆள் புதுசாக ஒரு உயிலை என் கையில் திணித்தான். அதில் மடிப்பு இல்லை. டைரக்டர் “கேமரா ஓடட்டும்” என்று கத்திவிட்டார். இரண்டு முனையும் பார்த்தேன், ஒரு முனையில் பெரிய எழுத்தாக இருந்தது. பெரிசாக இருப்பது முத்திரை, அது கீழேதான் இருக்கும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் வந்து, பெரிய எழுத்தைக் கீழே வைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். கேமரா என் தோளுக்குப் பின்னால் நின்றது. எடுத்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

படத்தை வெளியிடுவதற்கு முன்னால் பாசடீனாவில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு அட்டை கொடுத்துக் கருத்து எழுதி வாங்கினார்கள். அச்சுக்கோக்கிற ஆள் ஒருவன் வந்து தொலைந்திருக்கிறான். ‘வக்கீல் உயிலைத் தலைகீழாகப் படிக்கிறார், நான் தொழில்முறையில் அப்படிப் படிக்கிறவன், அவருக்கு எப்படி வருகிறது?’ என்று எழுதிவிட்டான். மறுநாள் மத்தியானம் முதலாளி கிம்பர்ட் என்னையும் அந்தப் பெண்ணையும் அறைக்குக் கூப்பிட்டார். செட்டைப் பிரித்தாகிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை.

“ஏம்மா, இதையெல்லாம் பாக்குறது உன் வேலைதானே? ரெண்டு கண்ணும் எங்க போச்சு?”

“என் தப்புதான் சார். கண்ணுல படலை.”

“படலையா? அப்போ நாளைலேர்ந்து இங்க வந்தும் என் கண்ணுல படாதே.”

நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் பேருக்கு முன்னால் தீர்ப்பு வாசித்த வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னால் மறுநாள் எலுமிச்சம்பழ வண்டிதான், அதுவும் லாரியாக மாறிப்போயிருந்தது. அவள் கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கப் போனாள். பிறகு அது தன் சொந்தக் கடிகாரம் என்று ஞாபகம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேளுங்கள் கூத்தை. படம் வெளியானதும் ஜனங்கள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வக்கீல் போலி என்பதைக் காட்ட வேண்டுமென்றே செய்த தமாஷ் என்று நினைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு இருபது வருஷம் எனக்கு இறங்குமுகமே இல்லை. பத்திரிகை தலைகீழ், நில வரைபடம் தலைகீழ், ஞானஸ்நானக் காட்சியில் குழந்தைகூடத் தலைகீழ். ஒரு பெண்ணின் சோற்றில் கை வைத்த பிழை எனக்குச் சோறு போட்டது. அவள் ஃப்ரெஸ்னோவில் டெலிபோன் இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து ஒரு அட்டை வரும். ஒரு வார்த்தை இருக்காது, பென்சிலால் வரைந்த படம் மட்டும்: ஒரு கடிகாரம், சில வருஷம் ஒரு கிளி. முப்பத்தைந்து அட்டையும் வைத்திருக்கிறேன். நல்ல பெண், எழுத்தில் மட்டும் கொஞ்சம் கஞ்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அடுத்த ஞாயிறு, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், தவறு முழுக்க முழுக்க ஹோரஸ் பிட்கினுடையது, அந்தப் பெண் ஒரு குற்றமும் அறியாதவள் என்று போட வேண்டும். தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், தங்கள் பேரக்குழந்தைகள் பெரிய படிப்புப் படிக்கவும், குறைந்தபட்சம் காகிதத்தை நேராகப் பிடிக்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
(கம்பிவேலியில் கோழி)
ஹோரஸ் பிட்கின்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று ரூஃபஸ் நச்சரித்தான். கூடத்து டெலிபோனில் ஃப்ரெஸ்னோவைக் கூப்பிட்டு, மேலே உள்ளதை முழுக்க அவனே வாசித்துக் காட்டினான். நான் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முடித்ததும் முதலில் அந்தப் பக்கம் கடிகாரத்தை அமுக்குகிற ‘டிக்’ சத்தம். பிறகு சிரிப்பு.

“பதினோரு நிமிஷம் இருபது வினாடி, பிட்கின் சார். ஆசிரியர் வெட்டிடுவார்.”

“உன் மேல தப்பில்லேன்னு போடச் சொல்லியிருக்கேம்மா.”

“என் மேல தப்புதானே சார். நான் பார்த்தேனே. நீங்க பிடிச்ச உடனே பார்த்தேன்.”

“பார்த்தியா? அப்போ ஏம்மா சொல்லலை?”

“திருப்பிப் பிடிங்கன்னு சொல்லி, அத்தனை பேருக்கு முன்னால நீங்க பக்கவாட்டுல பிடிச்சிருந்தீங்கன்னா? ஒரு வினாடி யோசிச்சேன். கடிகாரத்தை அமுக்கிட்டேன்.”

அந்த வினாடிக் கணக்கெல்லாம் எதற்கு என்று எண்பத்தெட்டு வயதில் இப்போதுதான் எனக்கு விளங்கியது. ரூஃபஸ் மூக்கைச் சிந்துகிறான், காகிதத்தில் சொட்டியிருந்தால் மன்னிக்கவும். ஆகவே ஆசிரியர் அவர்களே, தாங்கள் போட்டது சரிதான், பிழை அவளுடையதுதான், தெரிந்தே விட்டாள். மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். ‘கவனமில்லாத’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் பெயரைப் போட்டால் போதும். அன்றைக்கு அந்தச் செட்டிலிருந்து வெளியே ஓடின பன்னிரண்டு பேரில் டைரக்டர் போய்விட்டார், கேமராக்காரர் போய்விட்டார், சாமான் அறை ஆள் போய்விட்டான், மற்றவர்களையும் ஒவ்வொருவராக இந்த இல்லத்திலிருந்தே வழியனுப்பிவிட்டேன். என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நான் பாதி வழியில் இருக்கிறேன். இருப்பது ஒருத்திதான். ரூஃபஸ், நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுது: ஓபல் மர்டாக்.