ட்வெண்டிஃபோரும் எங்கள் பாத்டப்பும்

சித்தூர், திருப்பதி இரண்டு ஊரிலும் சேர்த்துத் தேடினாலும், வீட்டுக்காரனை இவ்வளவு எரிச்சல்படுத்தும் ரிப்பேர்காரர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். பாகாலாவிலிருந்து டிவிஎஸ்ஸில் வருவார். எதைக் கேட்டாலும் "ட்வெண்டி ஃபோர் அவர்ஸ் சார்" என்பதால் அதுவே பெயராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம். மாடியில், என் தம்பி துபாய் மோகத்தில் வைத்த பாத்டப்பின் ஓரம் விட்டுப்போய், குளித்தால் கீழே ஹாலில் சொட்டியது. அதுவும் மாப்பிள்ளை உட்காரவேண்டிய சோபாவுக்கு நேர் மேலே. தங்க வரும் விருந்தாளிகள் குளித்தாக வேண்டும். வியாழக்கிழமை அவரைக் கூப்பிட்டேன்.

ஓரத்தில் அடைத்திருந்த சிலிகான் பசையைப் பார்த்தவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "பழைய சிலிகான் மேலயே புதுசு அப்பினது யாரு சார்?"

நான்தான். சொல்லவில்லை.

அன்று முழுக்கச் சுரண்டினார். வெள்ளிக்கிழமை காயவைத்தார். டிஷ்யூ பேப்பரை இடுக்கில் ஒற்றி எடுத்து, ஏதோ ஸ்கேன் ரிப்போர்ட் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஈரம் கீது சார்."

"எனக்குத் தெரியலையே."

"ஆகண்டி சார், பொறுங்க. அவசரப்பட்டா மறுபடி புட்டுக்கும்."

சனிக்கிழமை நாலு மணிக்கு டப்பில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினார். பாரத்தில் டப் இறங்கி இடுக்கு நன்றாகத் திறந்தால்தான் சிலிகான் பிடிக்குமாம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி வெயிட் பத்தல. நீங்க எறங்கி குந்துங்க சார்."

லுங்கியோடு உட்கார்ந்தேன். அவர் என்னைச் சுற்றிச் சிலிகான் போட்டார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அதை என்னால் மன்னிக்கவே முடியாது.

"மெல்ல எந்திரிங்க சார். இனிமே நாளிக்கி நாலு மணி வரிக்கும் தண்ணி அப்பிடியே நிக்கணும். யாரும் உள்ள வரக்கூடாது."

விருந்தாளிகள் அக்கம்பக்கத்து வீடுகளில் குளித்தார்கள். ட்வெண்டிஃபோர் ஞாயிறு காலையிலேயே திரும்பி வந்து, பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே பாத்ரூமில் கூட்டமாக இருக்கிறதென்று மாடியேறிய மாப்பிள்ளையின் அம்மாவையே தடுத்தார்.

"இன்னும் காயலம்மா. கீழ போங்க."

அந்த அம்மாள் இறங்கி வந்த முகத்தைப் பார்த்தேன். சம்பந்தம் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

பாஸ்டர் ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக நாலு மணி, தட்டு மாற்றும் நேரம். மேலே டப் தண்ணீர் திறந்துவிடும் சத்தம். அதோடு விடாமல், மனிதர் ஓரம் முழுக்க பக்கெட் பக்கெட்டாக ஊற்றிச் சோதிக்கிறார். மாப்பிள்ளையே நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு சொட்டு விழவில்லை.

ட்வெண்டிஃபோர் இறங்கி வந்தார். மணமக்களைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார். "இப்ப துன்றேன் சார்" என்றார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை முந்திக்கொண்டு அவருக்கு இலை போட்டவர் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க வீட்டு டாங்க்கும் ஒழுவுதுப்பா" என்று அவருக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

மூன்று வருடமாகிறது. அவரைக் கூப்பிட ஒரு சாக்கு வேண்டும் என்று நானும் பார்க்கிறேன், அந்த ஓரம் ஒழுகவே மாட்டேன் என்கிறது.