இரண்டு ஏக்கருக்கு ஒரு மீசை

மாண்புமிகு நிலப் பதிவு அலுவலகம், மக்கள் நலன் ஒன்றையே கருத்தில் கொண்டு ஒரு கருவி வாங்கியது. உழவர் அதன் முன் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். உழவர்தான் என்று கருவி ஒப்புக்கொண்டால் நிலம் அவருக்கு. இல்லாவிட்டால் அது உழவர் இல்லாத நிலம். வெள்ளிக்கிழமை மாலையோடு நடைப்பயிற்சிப் பூங்காவாகிவிடும். இப்போதெல்லாம் நடப்பதுதானே நாகரிகம்.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. வீட்டின் பெரியவள், அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது நாளாக முகம் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு, தாத்தா காலத்து அந்த இரண்டு ஏக்கரை உழுதது அவள்தான். நாற்று நட்டது அம்மா. அழகு நிலையத்தில் புருவம் திருத்தும் தங்கை, விடுமுறை நாளெல்லாம் களை பறித்தாள். கருவியோ, "உழவர் காணப்படவில்லை" என்று ஒரே பிடியாக நின்றது.

"கண்ணெதிரே நிக்கிறேனே, சார்!"

"நிக்கிறீங்கம்மா, நான் இல்லேங்கல. அது பாக்கலையே," என்றார் எழுத்தர். "அதுக்குக் காட்டிப் பழக்கின படம் அத்தனையும் மீசைக்காரங்க. மீசை இருந்தாத்தான் உழவர்னு அதுவே முடிவு பண்ணிடுச்சு."

"மாத்தச் சொல்லக்கூடாதா?"

"அதுக்கு உழவர் மனு கொடுக்கணும். நீங்கதான் உழவர் இல்லையே."

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கை கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, அக்காவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அசையாதேக்கா. மட்டமா போதுமா, முறுக்கி விடவா?"

"முறுக்கியே விடுடி," என்றாள் அம்மா. "ரெண்டு ஏக்கராச்சே!"

கருவி பச்சை விளக்கு காட்டி, "வணக்கம், உழவர் ஐயா!" என்றது. எழுத்தர் ஒன்றையும் பார்க்காதவர்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "முத்திரைக்கு உள்ளே அதிகாரி அம்மாகிட்ட போங்க. ரொம்பக் கறார்."

பெரியவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தங்கையோடு உள்ளே போனாள்.

"எடுங்க அதை," என்றார் அதிகாரி.

எடுத்தாள். அதிகாரி பார்த்தார். எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார். நிலம் போச்சு என்றே பெரியவள் நினைத்தாள். அதிகாரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது என்ன பென்சில்? எங்க வருகைப் பதிவுக்கும் அதே கருவிதான். காலையில வரைஞ்சுட்டு வந்தா, வாசல் வர்றதுக்குள்ள வேர்வையில கரைஞ்சுடுது."

தங்கை பென்சிலை நீட்டினாள். முத்திரை விழுந்தது. நிலம் மிஞ்சிய தைரியத்தில் பெரியவள் கேட்டாள்.

"நீங்க சொன்னா கருவியை மாத்த மாட்டாங்களா, மேடம்?"

"எப்படிம்மா சொல்றது? வாங்கச் சொன்னதே நான்தான். அதுக்கு விருதுகூடக் கொடுத்திருக்காங்க."